வெள்ளையா விட்ட இடம்

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையிங்க தம்பி. தப்பா நினைக்காதீக. நீங்க ஊர்க் கமிட்டி அனுப்பிச்ச வக்கீல், ராமநாதபுரத்துல இருந்து இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீக, எல்லாம் சரி. ஆனா போன் எந்நேரம் எதைப் பிடிக்கும்னு யாருக்குத் தெரியும். கவுத்தி வச்சாலும் கேக்கும்னு என் மருமகன் சொல்றான். அப்ப அந்தத் தலகாணிக்கு அடியில வச்சிருங்க. ம். இப்பச் சரி.

ஞானம், தம்பிக்கு டீ போடு. இவ என் வீட்டுக்காரி, ஞானசவுந்தரி. நாம பேசுறதுக்கு நடுவுல நடுவுல வந்து எதாவது சொல்லுவா, அதை எழுத வேணாம்.

அந்தப் பொண்ணு மேல மனு போடத்தானே வந்திருக்கீக. எழுதுங்க. பேரு சுகந்தி. ஊரு திண்டுக்கல் பக்கம். இங்கயே ஒரு கோடு போட்டுக்கங்க. திண்டுக்கல்காரிக்குக் கடல் எதுக்கு? நான் கேட்டேன், முத நாளே கேட்டேன். கிணத்துல நீச்சல் பழகினேன் அண்ணே, அப்புறம் கடலைப் பத்திப் படிச்சேன்னு சொன்னா. கிணத்துல பழகினவ கிணத்தைப் பத்திப் படிக்க வேண்டியதுதானே.

மாசி மாசம் வந்தா. வாடைக்காத்து விட்டு, கடல் தட்டு மாதிரி கிடக்குற நேரம். எங்க கருவமுனையில அம்பது அறுபது போட்டு கிடக்கு, எல்லாத்துலயும் எஞ்சின். எங்க வத்தை ஒண்ணுதான் இன்னும் பாய் கட்டி ஓடுது. நானும் என் தம்பி சந்தியாகுவும் ஓட்டுறது. நேரா எங்க வீட்டைத் தேடி வந்து, எனக்கு அஞ்சு நாளைக்குப் பாய்மரந்தான் வேணும், எஞ்சின் வேணாம்னு நிக்கிறா. கவனிங்க தம்பி. எஞ்சின் வேணாமாம். ஏம்மான்னா, சத்தம் கேட்டா ஆவுளியா ஓடிப் போயிருமாம். ஆவுளியான்னா நீங்க கடல்பசும்பீகளே, அது. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. சத்தமில்லாம வரணும்னு நினைக்கிறவன் யாரு? நல்ல காரியத்துக்கு வர்றவன் எதுக்குச் சத்தமில்லாம வரணும்?

நாங்க பாய்ல போறது வேற. எங்க தாழைக்குப் போறது மத்தவனுக்குத் தெரியக் கூடாதுல்ல, அதுக்கு.

தாழைன்னா கரையில இருக்குற தாழம்புதர் இல்ல. கடலுக்கு அடியில புல்லு மாதிரி மொளைச்சுக் கிடக்கும், நாங்க அதையும் தாழைம்போம். எங்க அப்பா கண்டுபிடிச்ச தாழை ஒண்ணு இருக்கு. மூணு பாகம் தண்ணி, மூணு ஆள் ஆழம் வரும். அதுல மேய ஓரா மீன் வரும், அடியில நண்டு கிடக்கும். அந்த ஒரு இடந்தான் எங்க ரெண்டு குடும்பத்துக்கும் சோறு. என் மக ரெண்டும் கரையேறினது அதுல. கரையில ரெண்டு குறியை ஒண்ணா சேத்துப் பாத்து, இன்னொரு பக்கம் ரெண்டு குறியைச் சேத்துப் பாத்து, ரெண்டும் சேர்ற இடத்துல நங்கூரத்தைப் போட்டா கீழ தாழை. அந்தக் குறியை அப்பன் மகனுக்குச் சொல்லுவான். அதுவும் கரையில வச்சு வாயால சொல்லக் கூடாது. கடல்ல கூட்டிட்டுப் போய் கையைத்தான் காட்டுவான். கட்டின பொண்டாட்டிகிட்டயும் சொல்றதில்ல. நேராவும் போறதில்ல. வடக்க ஒரு மைல் போய், சும்மா பேருக்கு ஒரு வலையை விட்டு, ஆள் நடமாட்டம் பாத்துட்டு அப்புறம் தெக்க திரும்புவோம். வரும்போது வலையில ஒட்டின தாழையை ஒவ்வொண்ணாப் பிச்சுக் கடல்லயே போட்டுட்டு வருவோம். நாப்பது வருஷம் இப்படித்தான்.

பாத்தீகளா, நீங்க எழுதுறீக. அதை எழுதாதீக. அடிங்க. நல்லா அடிங்க, கீழ தெரியுது.

சரி. அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வருவோம். கருவமுனையில பாய் ஏத்தி வடக்க கரையை ஒட்டியே போறது, அங்கங்க நிப்பாட்டி அவ கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கிட்டு இறங்கிப் பாக்குறது, திரும்பி வர்றது. மொத்தம் அஞ்சு நாள், இதுதான் பேச்சு. சாயங்காலம் எந்த ஊர் கரை வருதோ அங்க ஏறிச் சாப்பிட்டுப் படுக்குறது. முத நாள் நான் வஞ்சிரக் குழம்பு வச்சேன். தட்டைத் தள்ளி வச்சுட்டா. மீன் சாப்பிட மாட்டேன் அண்ணே, நாள் பூரா அதுகளை எண்ணிட்டு ராத்திரி திங்க மனசு வரலைங்கிறா. எழுதுங்க தம்பி. கடலுக்கு வந்துட்டு மீன் திங்காத ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன். அஞ்சு நாளும் தயிர்ச்சோறும் ஊறுகாயும். நம்ம கைச்சோத்தைத் திங்காத ஆளை எப்படி நம்புறது?

அப்புறம் அந்தப் பலகை. வெள்ளையா ஒரு சின்னப் பலகை, கழுத்துல கயிறு போட்டு மாட்டியிருப்பா. தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே பென்சில்ல எழுதுறா. தண்ணிக்குள்ள எழுதினா அழியாதான்னு சந்தியாகு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கான். அவன் ஒரு வெள்ளந்தி. நான் கேட்டேன், என்னம்மா எழுதுறேன்னு. எத்தனை ஆமை, எத்தனை கடல்குதிரை, புல்லு எத்தனை விரக்கடை உசரம்னு எழுதுறேன்னா. எண்ணி? எண்ணி என்ன பண்ணுவே? வரைபடத்துல பச்சை அடிப்பேன் அண்ணே. பச்சை அடிச்சு? புல்லு இருக்குற இடம்னு எல்லாருக்கும் தெரியும்ல, காப்பாத்தலாம்ல.

எல்லாருக்கும் தெரியுமாம். எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நினைச்சுட்டா. இந்தக் கடற்கரையில பச்சை அடிச்சா அடுத்து என்ன வரும்? வலை போடாதேன்னு போர்டு வரும். நங்கூரம் போடாதேன்னு சீட்டு வரும். வடக்க ஒரு ஊர்ல அப்படித்தான் பண்ணினாகன்னு கேள்வி. எந்த ஊர்னா, அது தெரியாது, ஆனா பண்ணினாக. நான் சந்தியாகுகிட்ட சொன்னேன், இவ படிக்க வரலடா, சர்க்காருக்கு வேவு பாக்க வந்திருக்கா.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணே, அந்தப் பிள்ளை பாயை இழுத்துக் கட்ட என்கூட கை குடுக்குதுண்ணே, கை கிழிஞ்சும் சொல்லல பாருண்ணேங்கிறான். கையைக் கிழிச்சுக்கிட்டு நம்ப வைக்கிறா, அதுகூடத் தெரியல இவனுக்கு.

டீ குடிங்க, ஆடை விழுது.

மூணாம் நாளு. இதை நான் சொல்லாம விட்டுரலாம், ஆனா நீங்க வக்கீலு, எல்லாத்தையும் சொல்லச் சொல்றீக. வடக்க ஒரு பெரிய தாழை, அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். காத்தே இல்ல. பாயைச் சுருட்டிட்டுச் சும்மா மிதக்குறோம். அவ இறங்கி ரொம்ப நேரமாச்சு, தலையைத் தூக்கவே இல்ல. நான் பயந்துட்டேன். என்னதான் இருந்தாலும் ஒரு பொம்பளைப் பிள்ளை, நம்ம வத்தையில வந்தவ. அப்புறம் தலையைத் தூக்கி, சத்தம் போடாம கையை மட்டும் ஆட்டிக் கூப்பிடுறா. இன்னொரு கண்ணாடி வத்தையில கிடந்துச்சு. அதை மாட்டிக்கிட்டு நான் இறங்கினேன். நாப்பது வருஷமா கடல் மேல போறேன் தம்பி, இப்படிக் கண்ணாடி போட்டு மூஞ்சியை உள்ள விட்டுப் பாத்ததில்ல. நான் வலைக்காரன், முங்குறவன் இல்ல.

கீழ தாயும் குட்டியும். ஆவுளியா. தாய் புல்லைப் பிடுங்கித் திங்குது, புழுதி மாதிரி சேறு கிளம்புது. குட்டி அதோட முதுகு மேல ஒட்டிக்கிட்டே போகுது. பக்கத்துல ஒரு பேராமை, அதுபாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கு. எங்களை யாரும் கண்டுக்கிடல. தாய் மூச்சு விட மேல வந்துச்சு, எனக்கு ரெண்டு கை தள்ளி. மூக்கு ரெண்டும் திறந்து மூடுச்சு. என்னை ஒரு பார்வை பாத்துச்சு. எனக்கு என்னமோ பண்ணிருச்சு தம்பி. சந்தோசமா, வெக்கமா, சொல்லத் தெரியல. சின்னப் பையனா இருக்கும்போது வலையில அடிபட்டுச் செத்து வந்ததைப் பாத்திருக்கேன். உசிரோட, அதோட வீட்டுல வச்சுப் பாத்தது அன்னைக்குத்தான்.

மேல வந்து பாத்தா அந்தப் பொண்ணு கண்ணாடிக்குள்ளயே அழுகுறா. கண்ணாடியில தண்ணி நிக்குது. அண்ணே பாத்தீங்களா, அண்ணே பாத்தீங்களான்னு இதையே சொல்றா.

அங்கதான் நான் உஷாரானேன். எனக்கே உள்ள கரைஞ்சு போச்சுன்னா, இவ எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச தாழைக்கே இந்த அழுகை அழுதா, எங்க தாழையைப் பாத்தா? எங்களுதுலயும் ஆவுளியா வரும். மாசி பங்குனியில குட்டியோட வரும், மேல இருந்து முதுகு மட்டும் தெரியும், நாங்க யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. இவ அதைப் பாத்தான்னா டெல்லி வரைக்கும் சொல்லுவா. அப்புறம் அங்க நாங்க நண்டு பிடிச்ச மாதிரிதான்.

திரும்பி வர்றப்ப, அஞ்சாம் நாளு, கருவமுனைக்கு வடக்க வந்துட்டோம். அவ ஒரு காகிதத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, அண்ணே, வடக்கயும் புல்லு இருக்கு, முனைக்குத் தெக்கயும் இருக்குன்னு எங்க ஆபீஸ்ல முன்னாடியே அளந்தாச்சு, நடுவுல மட்டும் எனக்கு ஒண்ணும் தெரியல, இங்க எதாச்சும் இருக்கான்னு கேக்குறா. சரியா எங்க இடத்துல விரலை வச்சுக் கேக்குறா தம்பி. யாரோ சொல்லாம எப்படி வைக்க முடியும்? நான் சந்தியாகுவைப் பாத்தேன். அவன் பாயைப் பாத்துக்கிட்டு நின்னான்.

வா காட்டுறேன்னேன். கொண்டு போய் நாங்க பேருக்கு வலை விடுவோமே, அங்க நிப்பாட்டினேன். வெறும் மணலு. அவ இறங்கினா. பாத்தா. ஒண்ணுமில்லயே அண்ணேன்னா. கொஞ்சம் தள்ளிப் பாருன்னேன். தள்ளியும் மணலு. ஒரு பேராமை வந்துச்சு, தெக்க பாத்துப் போச்சு. அவ அது பின்னாடியே நீந்துறா. அது நேரா எங்க தாழைக்குத்தான் போகுது, எனக்குத் தெரியும். நான் சீழ்க்கை அடிச்சு, அந்தப் பக்கம் போகாத, சொறிமீன் கிடக்கு, பட்டா உடம்பு பூரா அரிச்சு வீங்கிரும்னு கத்தினேன். சொன்ன உடனே திரும்பிட்டா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

பேனாவை ஏன் மூடுறீக?

ஆமா, கொண்டு போகல. எங்க தாழைக்கு நான் அவளைக் கொண்டு போகல. ஊர்க்கூட்டத்துல, நான் காட்டியும் அவ மறைச்சுட்டான்னு சொன்னேனே, அப்படின்னா அப்படி. கிட்டத்துல கொண்டு போனேன்ல? ஒரு மைல் என்ன பெரிய தூரம்? நான் பொய் சொல்லல தம்பி, இடத்தை மாத்திக் காட்டினேன், அம்புட்டுதான். வீட்டுக்கு வந்தவன் பணப்பெட்டி எங்கன்னு கேட்டா அடுப்படியைக் காட்ட மாட்டோமா?

இல்ல, சத்தியம் எல்லாம் பண்ணல. ஏறி வந்து துண்டால தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டா. இதுதானா அண்ணே, இங்கயிருந்து முனை வரைக்கும் இப்படித்தானா, நிச்சயமா? எனக்கு நாளும் இல்ல, திரும்ப வர விடவும் மாட்டாங்க, உங்க வார்த்தையைத்தான் எழுதப் போறேன்னா. நான், முனை வரைக்கும் வெறும் மணலுதான், மாதா சாட்சின்னேன். அது சத்தியம் இல்ல. மாதா பேரைச் சொன்னேன். சத்தியம்னா கையில அடிக்கணும்.

சந்தியாகு அன்னைக்குக் கரையில இறங்கினதுல இருந்து என்கூடச் சரியாப் பேசுறதில்ல. வலையை இழு, கயித்தைப் போடு, அம்புட்டுதான் பேச்சு.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. வடக்க துறைமுகம் கட்டுற கம்பெனிக்காரன் கப்பல் வர்றதுக்குக் கடலைத் தோண்டி ஆழம் பண்ணுறான். வாரி எடுக்குற சேத்தையும் மணலையும் கொண்டு போய்க் கொட்ட இடம் வேணும். இந்தப் பொண்ணு வேலை பாத்த ஆபீஸ் போட்ட படத்தைத்தான் எடுத்து வச்சுப் பாத்திருக்கான். பச்சை அடிச்ச இடத்துல கொட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். அப்ப வெள்ளையா விட்ட இடம் எதுன்னு பாத்திருக்கான். கருவமுனைக்கு நேரா, கடலுக்குள்ள, எங்க தாழை மேலயே. நடுவுல அது ஒண்ணுதான் வெள்ளை. மார்கழிக்குள்ள கொட்ட ஆரம்பிச்சுருவான். கொட்டினா ஒரே மாசத்துல எல்லாம் மூடிப் போகும்னு ஊர்ல சொல்றாக. நாங்க எங்க போறது? எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு, இனிமே எந்தப் போட்டுல போய்க் கூலிக்கு நிக்கிறது?

ஊர்க்கூட்டத்துல முதல்ல எந்திரிச்சவன் நான். அந்தப் பொண்ணு கம்பெனிக்கு விலை போயிட்டா, இல்லன்னா எல்லா இடத்துக்கும் பச்சை அடிச்சவ எங்க இடத்தை மட்டும் ஏன் வெள்ளையா விடணும்னு கேட்டேன். எல்லாரும் ஆமா ஆமான்னாக. மனுவுல முத கையெழுத்து என்னுது.

நான் சொன்னதாலதானே அது வெள்ளையாச்சுன்னு கேக்குறீக, அதைத்தான் தம்பி நானும் யோசிக்கிறேன். நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கா, அது தெரியுது. ஆனா படிச்ச பொண்ணு, என்னைய மாதிரி ஒருத்தன் சொன்னதை அப்படியே நம்புவாளா? நம்புவாளா, சொல்லுங்க. நான்னா நம்ப மாட்டேன். இன்னும் நாலு பேர்கிட்ட கேட்டிருப்பேன். நம்பினான்னா அதுல எதோ உள்நோக்கம் இருக்கணும்.

சொன்னேன்ல, இவ நடுவுல வருவான்னு. என்ன ஞானம்?

கேட்டீகளா இவ சொல்றதை. எழுத வேணாம்னு சொன்னேன், இருந்தாலும் கேட்டுட்டீக. அந்தத் தாழை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியுமாம். முப்பது வருஷமா தெரியுமாம். என் வலையைக் காயப் போடும்போது கண்ணியில ஒட்டியிருக்குற தாழையைப் பாத்து எல்லாப் பொம்பளைகளும் சிரிச்சுக்குவாகளாம். நாங்க வடக்க போய்ச் சுத்திட்டு வர்றதைப் பசங்க கரையில உக்காந்து வேடிக்கை பாப்பாங்களாம். இன்னாசி பாவம், அவன் அப்பன் இடம், இருந்துட்டுப் போகட்டும்னு யாரும் அந்தப் பக்கம் வலை போடலையாம். ஊருக்கே தெரியும், தெரிய வேண்டிய அந்தப் பிள்ளைக்கு மட்டுந்தான் தெரியாமப் போச்சுங்கிறா.

இதை எனக்கு முப்பது வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல. போன வாரந்தான் சொல்றா. நான் யாருக்குப் பயந்து இவ்வளவு நாளும் சுத்திச் சுத்திப் போனேன்?

ஆனா ஒண்ணு, மத்தவங்களும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தாக. அந்தப் பொண்ணு டீக்கடையில கேட்டிருந்தா ஒருத்தன் சொல்லியிருப்பான். கேக்கல. ஏன் கேக்கலன்னா, இன்னாசி அண்ணன் காட்டிட்டாரு, அவரைத் தாண்டி இன்னொருத்தர்கிட்ட கேட்டா அவருக்கு மரியாதை இல்லன்னு சொன்னாளாம். டீக்கடைக்காரன் சொல்றான்.

என்ன பையில இருந்து எடுக்குறீக? அந்தப் பச்சை அடிச்ச படமா. அதை நான் பாத்துட்டேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஞானம் படிச்சுக் காட்டுனா. வெள்ளை விட்ட இடத்துக்குக் கீழ சின்னதா, உள்ளூர் மீனவர் திரு. இன்னாசி அவர்கள் கூறியபடின்னு போட்டிருக்கு. என் பேரைப் போட்டு மாட்டி விட்டுட்டாளேன்னு அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு கோவம். திருன்னு வேற போட்டிருக்கா. எனக்கு யாரு தம்பி திரு போட்டா இதுவரைக்கும்? கரண்டு பில்லுலயே போட மாட்டான்.

அதுக்கப்புறம் போன் மேல போன். நான் எடுக்கல. எடுத்தா எதையாவது பேச வச்சுப் பதிவு பண்ணிக்கிட்டு, இந்தாளு சொன்னதுதான்னு காட்டித் தப்பிச்சுக்குவா. பதினோரு தடவை அடிச்சுட்டா. நேத்து மத்தியானம் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஞானம் எடுத்து என் காதுல வச்சுட்டா. கை பூரா சோறு, தட்டி விடவும் முடியல.

அண்ணேன்னா. எடுத்த உடனே மன்னிச்சிருங்க அண்ணேங்கிறா.

எதுக்கு மன்னிப்புன்னு பாருங்க. அண்ணே, ஊர்க்காரங்க மனு போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன், அங்க புல்லு இருக்குன்னா இருக்கத்தான் செய்யும், தப்பு என்னுதுதான். அன்னைக்கு எனக்கு ஒரு காது அடைச்சிருந்துச்சு, ஆழமா முங்க முடியல, உங்ககிட்ட சொன்னா கவலைப்படுவீங்கன்னு சொல்லல. நீங்க சரியாத்தான் கொண்டு போயிருப்பீங்க, நான்தான் பாக்காம விட்டுட்டேன். இப்படிச் சொல்றா தம்பி. அப்படியே ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டாளாம். உங்க பேரை அதுல இருந்து எடுத்துரச் சொல்லிட்டேன் அண்ணே, உங்களை யாரும் வந்து விசாரிக்க மாட்டாங்கன்னா. இவளை வேலையை விட்டு நிக்கச் சொல்லிட்டாகளாம். தப்புப் பண்ணினவ வார்த்தைக்கு மதிப்பில்ல, சரியா எந்த இடம்னு யாராச்சும் சொன்னாத்தான் திரும்ப அளப்போம்னுட்டாகளாம். கடைசியில, குட்டி ஆவுளியாவை மறுபடி பாத்தீங்களா அண்ணேன்னு கேட்டா. நான் தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் வச்சுட்டா.

அப்ப இருந்து யோசிக்கிறேன். இதுல என்ன சூது இருக்குன்னு யோசிக்கிறேன். மன்னிப்புக் கேக்குற மாதிரிக் கேட்டு என் வாயைப் பிடுங்கப் பாக்குறாளா? வேலையை விட்டுட்டு வாயைப் பிடுங்கி என்ன பண்ணப் போறா. இல்ல, கம்பெனிக்காரன் அப்படிச் சொல்லச் சொன்னானா? அவனுக்கு இதுல என்ன லாபம். சட்டி கழுவுற மாதிரி இப்படிப் புரட்டி அப்படிப் புரட்டிப் பாத்துட்டேன். சாப்பிட்ட தட்டு அப்படியே காஞ்சு போச்சு. ஒண்ணும் கிடைக்கல தம்பி. அந்தப் பொண்ணு மனசுல என்னைப் பத்தி ஒரு சந்தேகங்கூட வரல. ஒரு சொட்டு வரல. நான் அஞ்சு நாளும் அவளை நினைச்சதெல்லாம் என் மனசுல இருந்ததுதான், அவ மனசுல இருந்தது இல்ல.

எனக்கு வெக்கமா இருக்கு.

அந்த மனுவைக் குடுங்க. கிழிக்க மாட்டேன், குடுங்க. இந்தக் கையெழுத்து என்னுது. இதை அடிச்சிட்டேன். இப்பப் புதுசா ஒரு தாள் எடுங்க. நாளைக் கழிச்சு கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொல்லுவேன், இருந்தாலும் எழுதிக்கங்க. அங்க போய் என் வாய் எப்படித் திரும்பும்னு எனக்கே நம்பிக்கை இல்ல.

முத வரியில அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு போடுங்க. சுகந்தின்னு பேரைப் போட்டு எழுதுங்க. இன்னாசியாகிய நான் மாதா சாட்சியாப் பொய் சொல்லி இடத்தை மாத்திக் காட்டினேன்னு போடுங்க. சத்தியம்னே போடுங்க, பரவாயில்ல. அடுத்து இடம். கரைப் பக்கம் பாத்தா நம்ம கோயில் மணிக்கூண்டு, அதுக்கு நேர் பின்னால ஊர்த் தண்ணித்தொட்டி. அப்பா காலத்துல அங்க ஒரு பனை நின்னுச்சு, அது விழுந்தப்புறம் நாங்க தொட்டியைப் பிடிச்சுக்கிட்டோம். ரெண்டும் ஒண்ணா மறையணும். அது ஒரு கோடு. இன்னொரு கோட்டுக்கு வடக்க பாத்தா உப்பளத்துக் கொட்டகை...

இல்ல. இருங்க. அதை அடிங்க. அது மணலு இருக்குற இடத்துக் குறி. பாருங்க தம்பி, வாய் தன்னால அங்க போகுது. எழுதினதை அடிங்க. தெக்க பாக்கணும். முனையோட மூக்கு, அதுக்குப் பின்னால செல்போன் டவரு. மூக்கு நுனியில டவரு ஏறி நிக்கணும், அந்தப் பக்கமும் போகக் கூடாது, இந்தப் பக்கமும் வரக் கூடாது. அங்க நங்கூரத்தைப் போட்டா மூணு பாகம் தண்ணி, கீழ தாழை.

எழுதிட்டீகளா? படிச்சுக் காட்டுங்க. மெதுவா வேணாம், ரோட்டுல போறவனுக்குக் கேக்குற மாதிரிப் படிங்க.